விட்டுவிட்டு அறும் இழை

ஒரு சாதனம் அடியோடு பழுதாகிவிட்டால் அதனால் விளையும் துன்பம் பெரிதாயினும், அதற்குப் பரிகாரம் தேடுவது அத்தனை கஷ்டமான காரியமன்று. பழுது கண்ணுக்கு எதிரே நிற்கிறது, வருகிற தொழிலாளி அதைப் பார்க்கிறார், அறுந்த இடத்தை ஒட்டுகிறார், காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் வந்தும் போயும், பார்க்க ஆள் வரும் வேளையில் ஒன்றுமே நேராததுபோல் ஒழுங்காக நடந்தும், அவர் தெருமுனையைத் தாண்டியதும் மறுபடி அற்றும் போகிற ஒரு குறை இருக்கிறதே, அதைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்ததைப் பிறருக்கு நிரூபிப்பதும் முற்றிலும் வேறு வகையான பிரயாசை. நம் நகரங்களிலும் சிற்றூர்களிலும் கண்ணாடி இழை வழியே வீடுகளுக்கு வந்துசேர்ந்திருக்கும் இணைய இணைப்பு இன்று மக்களைப் படுத்தும் பாட்டில் மிகக் கொடியது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதைத் தீர்ப்பதற்கு வேண்டிய அறிவும் கருவியும் நம்மிடையே இருந்தும், அதைத் தீராமல் வைத்திருக்கும் ஒரு வழக்கம் நம் சேவை முறையில் ஊறியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்குவதற்கில்லை. அகல இணைப்பு (பிராட்பேண்ட்) என்று எதைச் சொல்வது என்பதற்கு 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் நம் அரசாங்கம் வினாடிக்கு 256 கிலோபிட் என்ற அளவை வகுத்தது. பின்னர் அது 512 ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. விளம்பரங்களோ நூறு, முந்நூறு என்று மெகாபிட் கணக்கில் பேசுகின்றன. இத்தனை கணக்கிலும் அளக்கப்படுவது வேகம் ஒன்றே. வெளியூரிலிருக்கும் வைத்தியரிடம் காணொளியில் தன் தாயின் நோயை விவரித்துக்கொண்டிருக்கும் மகளுக்கும், நேரம் குறித்த தேர்வை வீட்டுக் கணினியில் எழுதிக்கொண்டிருக்கும் மாணவனுக்கும், திண்ணையையே அலுவலகமாக்கிப் பிழைக்கும் இளைஞனுக்கும் முந்நூறு மெகாபிட் தேவையில்லை. முகம் பார்த்துப் பேசுவதற்குச் சில மெகாபிட்டே போதும். அந்தச் சிறிதளவு அறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுவது. விடுதியில் கைப்பேசிப் பயன்பாட்டுக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை என்று ஏற்றுக்கொண்டபின், பத்து நிமிஷத்துக்கொருமுறை கைநழுவிப்போகும் உரிமையைப் பற்றியும் நாம் சிரத்தையோடு பேசத்தானே வேண்டும்?

இணைப்பு அற்றவுடன் வீட்டார் தாமாகவே செய்வதும், இணைப்பைத் தரும் நிறுவனத்தின் தொலைபேசியில் பேசுபவர் செய்யச் சொல்வதும் ஒன்றே: ரூட்டரை அணைத்து, அரை நிமிஷம் கழித்து மறுபடி போடுவது. இது பயனற்ற யோசனை என்று நான் கூறமாட்டேன். ரூட்டர் என்பது ஒரு சிறு கணினி. நெடுநாள் ஓடியதில் அதன் நினைவகத்தில் தேங்கிய குழப்பங்கள் நீங்குவதற்கும், நிறுவனத்தின் இயந்திரத்தோடு அதற்குள்ள தொடர்பு புதுப்பிக்கப்படுவதற்கும், நெரிசலான அலைவரிசையை விட்டு வேறொன்றுக்கு அது மாறுவதற்கும் அணைத்துப் போடுவது உதவும். என்றோ ஒருமுறை நேரும் தடங்கலுக்கு அது போதுமான சிகிச்சையே. ஆனால் திரும்பத் திரும்ப நேரும் தடங்கலுக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு பெருங்கேடு ஒளிந்திருக்கிறது. இணைப்பு எப்போது அறுந்தது, எதனால் அறுந்தது, எப்போது மீண்டது என்னும் விவரங்களை வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை அழியக்கூடிய நினைவகத்திலேயே குறித்துவைக்கின்றன. மின்சாரத்தை நிறுத்திய கணத்தில் அந்தக் குறிப்பும் மறைந்துவிடுகிறது. குறையைப் போக்குவதற்கென்று நாம் செய்யும் முதற்காரியமே குறைக்குரிய சாட்சியத்தை அழிப்பதாக முடிகிறது.

ஆகையால் இணைப்பு அற்ற தருணத்தில் கை சுவிட்சுக்குப் போவதற்கு முன் கண் பெட்டியின் விளக்குகளுக்குப் போகவேண்டும். இழை வந்து சேரும் பெட்டியின் முகப்பில் சின்னஞ்சிறு விளக்குகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ‘எல்ஓஎஸ்’ என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக மின்னினால் வீட்டுக்கு ஒளியே வந்துசேரவில்லை என்று பொருள், அது பெட்டிக்கு வந்துசேரும் இழையில் எங்கோ உள்ள குறை. ‘பான்’ என்னும் விளக்கு பச்சையாக நிலைத்திருந்து, இணைய விளக்கு மட்டும் அணைந்திருந்தால் இழை நன்றாக இருக்கிறது, நிறுவனத்தின் கணக்குச் சரிபார்ப்பிலோ அதற்கு அப்பாலோ சிக்கல் என்று கொள்ளலாம். எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்து மறுபடி ஒவ்வொன்றாக உயிர்பெற்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்கவேண்டும். ஒரு விளக்கும் மாறாமலிருக்கக் கைப்பேசியில் மட்டும் இணையம் போயிற்றென்றால், வீட்டுக்குள்ளேயே, வைஃபையில்தான் கோளாறு. இவ்வளவையும் ஒரு பார்வையில் அறிந்துகொள்ளலாம். அந்தப் பார்வையைப் பார்க்கும்படி எவரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை என்பதே வருத்தம்.

அக்காலத்து வைத்தியர்கள் முறைக்காய்ச்சல் கண்டவரைப் பார்க்க வந்தால், நாடியைப் பிடிப்பதற்கு முன்னமே, சுரம் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் குறித்த தாளைக் கேட்பார்கள். அவர்கள் வந்த வேளையில் உடம்பு குளிர்ந்திருந்தாலும் நோய் இன்னதென்று அந்தத் தாள் சொல்லிவிடும். விட்டுவிட்டு அறும் இணைப்புக்கும் அப்படியொரு தாளே முதல் மருந்து. தேதி, மணி, எத்தனை நிமிஷம் அறுந்திருந்தது, எந்த விளக்கு எப்படி இருந்தது, வீட்டிலுள்ள எல்லாருக்கும் போயிற்றா ஒருவருக்கு மட்டும் போயிற்றா, வெளியே மழையா காற்றா, வீட்டில் அப்போது எந்த இயந்திரம் ஓடியது என்று சில நாள் எழுதிவந்தால், பெரும்பாலும் அந்தக் குறிப்பிலிருந்தே காரணம் எழுந்து முன்னால் வந்து நிற்கும். கடிகாரம் பார்த்ததுபோல் ஒரே மணிக்கு, அல்லது சரியாக ஒரே இடைவெளிவிட்டு அறுமானால், அது இயற்கையின் வேலையாக இராது, ஏதோ ஓர் இயந்திரத்தின் நியமம்; நிறுவனத்தின் கணினி குறித்த காலத்துக்கொருமுறை இணைப்பை முடித்துத் தொடங்குகிறது என்று கொள்ளலாம். மழைநாளில் மட்டும் அறுமானால் கம்பத்து இணைப்புப் பெட்டியையும் மரக்கிளையையும் நோக்கவேண்டும். செம்புக் கம்பி வழியே இணையம் வந்த நாட்களில், தொலைபேசி மணி ஒலிக்கும் போதெல்லாம் இணைப்பு அறுகிறது என்று பலர் முறையிட்டதுண்டு. குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு வடிகட்டி பொருத்தப்படாததே அதற்குக் காரணமாக இருப்பது வழக்கம். மணியொலியும் தடங்கலும் ஒன்றாக வருவதை ஒருவர் கவனித்துச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் தீரக்கூடிய அந்தக் குறை, கவனிக்காத வீடுகளில் மாதக்கணக்கில் நீடித்தது.

குறித்த நேரத்தின் மகிமையை உலகறிய விளக்கிய சம்பவம் ஒன்று வேல்ஸ் நாட்டில் நடந்தது. போயிஸ் பிரதேசத்தில் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இணைய இணைப்பு அறுந்தது. ஏறக்குறைய பதினெட்டு மாதம் இது நடந்தது. கம்பித்தடத்தைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள், கம்பிகளில் பெரும்பகுதியை மாற்றியும் பார்த்தார்கள், குறை போகவில்லை. கடைசியில், தடத்தில் பழுதில்லை, வெளியிலிருந்து ஏதோ ஒரு மின்காந்த அலைதான் அதைக் கெடுக்கிறது என்னும் அனுமானத்தோடு, அலைகளை அளக்கும் கருவியை ஏந்தி, கொட்டும் மழையில் காலை ஆறு மணிக்கே அவர்கள் ஊருக்குள் நடந்தார்கள். ஏழு அடித்ததும் பெரியதொரு மின்னிரைச்சல் எழுந்தது. அதன் ஊற்றைத் தேடிப் போனால், ஒரு வீட்டில் அந்த நேரத்துக்குப் போடப்படும் பழைய தொலைக்காட்சிப் பெட்டி. தம்மை அறியாமலே ஊருக்கு இடைஞ்சல் செய்துவிட்டோமே என்று மனம் வருந்திய அந்த வீட்டார் பெட்டியை உடனே நிறுத்திவிட்டார்கள், இணைப்பும் நிலைத்தது. 2020 செப்டம்பரில் இச்செய்தி வெளியானபோது பலர் அதை ஒரு வேடிக்கையாகப் படித்திருக்கக்கூடும். கம்பி மாற்றியும் தீராததை ‘ஏழு மணி’ என்னும் ஒரே குறிப்பு தீர்த்துவைத்தது என்பதையும், குறை நிகழும் வேளையில் குறை நிகழும் இடத்தில் இருக்கவேண்டும் என்று அந்தப் பொறியாளர்கள் மழையில் இறங்கியதையும் நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

நாம் எப்போதும் விழித்திருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாதே என்றால், அந்த வேலையை நமக்காகச் செய்யும் ஒரு சிறு நிரல் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், அங்கே வலையமைப்பு விசித்திரமாக நடந்துகொள்வதைக் கண்டு, காரணம் அறிவதற்காக 1983 டிசம்பரில் எழுதியது ‘பிங்’ என்னும் அந்த நிரல். ஓர் இயந்திரத்துக்கு ஒரு சிறு வினாவை அனுப்பி, விடை வருகிறதா, எத்தனை மில்லிவினாடியில் வருகிறது என்று பார்ப்பது மட்டுமே அதன் தொழில். இன்று விற்கப்படும் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அது காசில்லாமலே கிடக்கிறது. கணினியை ரூட்டரோடு கம்பியால் பிணைத்து, மூன்று சாளரங்களைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரூட்டரையும் (பெரும்பாலும் அதன் முகவரி 192.168.1.1), இரண்டாவதில் நிறுவனத்தின் முதல் வாயிலையும், மூன்றாவதில் 8.8.8.8 போன்ற தொலைவிலுள்ள ஒரு முகவரியையும் இடைவிடாது வினவும்படி விட்டுவைக்கவேண்டும். இணைப்பு அறும்போது மூன்றும் ஊமையானால் குறை வீட்டுக்குள். முதலாவது பேசி மற்ற இரண்டும் மௌனமானால் குறை பெரும்பாலும் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்ட இழையில். முதல் இரண்டும் பேசி மூன்றாவது மட்டும் மௌனமானால் நிறுவனத்துக்கு அப்பால். மூன்றும் பேசிக்கொண்டிருக்க இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால், பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு. ரூட்டரில் வேறொரு டிஎன்எஸ் முகவரியை இட்டால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். யார் மீது குற்றம் என்னும் வாக்குவாதத்தை இவ்வளவு சுருக்கமாக முடித்துவைக்கும் பரிசோதனை வேறொன்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் உள்ள குறைகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னாலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகிலோ மறைத்துவைப்பது நம் வீடுகளில் சாதாரணம். இரும்பு அலையை மறிக்கும், கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் அதை மெலியச் செய்யும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சந்தைக்கடைபோல் நெரிகிறது; ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே உண்டு. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைப்பகுதியில் இயங்குவதால், பக்கத்து அறையில் அது சுழலும் நேரத்தில் காணொளி உறைந்துபோவதில் ஆச்சரியமில்லை. ரூட்டரைக் கூடத்தின் நடுவே உயரமான இடத்தில் வைத்து, இயன்ற உபகரணங்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, மேசைக் கணினிக்குக் கம்பியே போட்டுவிட்டால் இவற்றில் பெரும்பகுதி ஒழியும்.

மின்சாரத்தின் கதை இதைவிடச் சூட்சுமமானது. பெட்டியோடு வரும் 12 வோல்ட் அடாப்டர் சில ஆண்டுகளில் உள்ளே தளர்ந்து, விளக்கெரியப் போதுமான அளவு மின்சாரத்தைத் தந்துகொண்டே, பெட்டி மும்முரமாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் தாழ்ந்துவிடும். பெட்டி தானாக அணைந்து தானாக எழும். பார்ப்பவர் இழை அறுந்ததென்றே நினைப்பார். நம் வீட்டு இன்வெர்ட்டர்களில் பலவற்றின் பின்புறத்தில் ‘யூபிஎஸ்’ நிலைக்கும் சாதாரண நிலைக்கும் இடையே மாற்றும் ஒரு சுவிட்ச் உண்டு. சாதாரண நிலையில் மின்வாரிய மின்சாரத்திலிருந்து பாட்டரிக்கு மாறுவதற்குச் சற்றே கூடுதல் நேரம் ஆகும். மின்விசிறிக்கு அது தெரியாது. ரூட்டர் அதற்குள் அணைந்துவிடும், பிறகு எழுந்து நிறுவனத்தோடு மறுபடி தொடர்புகொள்ளச் சில நிமிஷங்கள் பிடிக்கும். சுவிட்சை மாற்றிவைத்தால், அல்லது ரூட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கிவைத்தால் தீர்ந்துபோகும் இந்தத் தொல்லைக்காகக் கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேன்கள் எத்தனை பேர்!

இனி இழைக்கு வருவோம். கண்ணாடியின் மாசுகளை நீக்கிவிட்டால் அதன் வழியே ஒளியைத் தொலைதூரம் செலுத்தலாம் என்று சார்லஸ் காவ் இங்கிலாந்தில் இருந்துகொண்டு 1966-இல் எழுதினார்; 2009-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குக் கீழே கொண்டுவந்தால் காரியசித்தி என்று அன்று அவர் கணித்தார். இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்லைவிடக் குறைவு. இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், பல கிலோமீட்டர் தூரம் அரும்பெரும் தூய்மையோடு ஒளியைக் காத்துவரும் அந்தக் கண்ணாடி, அதைக் கடைசி நூறு அடியில், நம் வாசலில், இழந்துவிடுகிறது. இழையின் நடுவே ஒளி செல்லும் பகுதியின் குறுக்களவு ஏறத்தாழ 9 மைக்ரான். முனையில் ஒரு தூசி படிந்தால் கிலோமீட்டர் கணக்கான கண்ணாடி விழுங்காத ஒளியை அந்தத் தூசி விழுங்கும். நிறுவனத்தின் ஒரே இழையிலிருந்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கம்பத்துப் பெட்டியில் ஒளி பிரிக்கப்படுகிறது. 32-ஆகப் பிரிக்கும்போதே ஏறக்குறைய 17 டெசிபெல் போய்விடும். வீட்டுப் பெட்டி ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒளியின் கீழெல்லை, பரவலாகக் கையாளப்படும் தரத்தின்படி, மைனஸ் 27 டிபிஎம். அதாவது ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. மைனஸ் 20 அளவில் ஒளி வரும் வீட்டில் ஒரு வளைவோ ஒரு தூசியோ மூன்று டெசிபெல்லைத் தின்றாலும் ஒன்றும் தெரியாது. மைனஸ் 26-இல் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் வீட்டில், காற்றடித்துக் கம்பி ஆடினாலே இணைப்பு அறும்; காற்று நின்றால் ஒட்டும். விட்டுவிட்டு அறுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்: எங்கோ ஒரு துண்டிப்பு நேர்ந்துவிடவில்லை, எல்லையை ஒட்டிய இடத்தில் வாழ்க்கை நடக்கிறது.

அந்த எல்லைக்கு இணைப்பைத் தள்ளுபவை எளிய காரணங்கள். சன்னல் மூலை வழியாக உள்ளே கொண்டுவந்த கம்பியைக் கதவு நெரிக்கிறது. பகலில் சன்னல் திறந்திருக்கும்வரை நன்றாக நடந்த இணைப்பு இரவில் அடைத்ததும் போகிறது. கூடுதலாக வந்த கம்பியைச் சிறு வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டுகிறார்கள். இறுகிய வளைவில் ஒளி வெளியே கசிகிறது. நமக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்தது, நாம் அனுப்புவது 1310. வளைவு நீண்ட அலையையே அதிகம் பாதிப்பதால் முதலில் நலிவது நம்மை நோக்கி வரும் ஒளி. எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டிய பச்சை முனையை நேராகத் தீட்டிய நீல முனையோடு அவசரத்தில் சொருகிவிட்டால், இரண்டும் சரியாகப் பொருந்தாமல் அங்கும் ஒளி வீணாகும். அணிலும் எலியும் உறையைக் கடிக்கின்றன. வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி தாழத் தொங்கும் கம்பியை இழுத்துவிட்டுப் போகிறது. மழைநீர்க் கால்வாய் தோண்டும் இயந்திரம் மண்ணிலிருப்பதைக் கிழிக்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையின் மரங்களோடு கம்பிகளும் சாய்ந்தன. அத்தகைய பெருஞ்சேதத்துக்குப்பின் அவசரமாகப் போட்ட ஒட்டுகள் பல ஊர்களில் அப்படியே நிலைத்துவிடுவதும், ஒவ்வொரு ஒட்டும் சிறிது ஒளியை எடுத்துக்கொள்வதும் வடகிழக்குப் பருவமழையில் வெளிப்படுகின்றன. (இழையின் முனையைக் கண்ணருகே வைத்து ஒளி வருகிறதா என்று ஒருபோதும் பார்க்கக்கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது.)

இவ்வளவும் கடினமான சாஸ்திரம் அன்று. லைன்மேன் கையிலுள்ள சிறு மீட்டர் ஒளியின் அளவை ஒரு நொடியில் சொல்லும். பல பெட்டிகளின் அமைப்புப் பக்கத்திலேயே அந்த எண் எழுதியிருக்கும். இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நிறுவனத்தின் மையத்திலுள்ள இயந்திரம் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் பெறும் ஒளியின் அளவைக் கேட்டறியவல்லது. ஒவ்வொன்றும் எப்போது அறுந்தது, எப்போது மீண்டது என்றும் அது குறித்துவைக்கும். இன்னும் வியப்பு, மின்சாரம் போகும் கணத்தில், அணைவதற்கு முன், ‘எனக்கு மின்சாரம் போயிற்று’ என்று மையத்துக்கு ஒரு கடைசிச் செய்தியை அனுப்பும்படி மேலே சொன்ன தரத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. அந்தச் செய்தி வந்து இணைப்பு அறுந்தால் மின்சாரக் குறை. வராமலே அறுந்தால் பெரும்பாலும் இழைக் குறை. ஆக, வாரக்கணக்கில் வீட்டாரும் லைன்மேனும் தேடித் தவிக்கும் விடையின் பெரும்பகுதி நிறுவனத்தின் கணினியில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது அதை எவரும் அவருக்குப் படித்துக்காட்டுவதில்லை; கம்பத்தில் ஏறப்போகிறவருக்கும் அது பெரும்பாலும் கொடுக்கப்படுவதில்லை.

அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஊர்களில் இழையைப் பராமரிப்பவர் நேற்றுவரை கேபிள் தொலைக்காட்சிக் கம்பி இழுத்தவர். மின்கம்பத்தில் இடுப்புவார் இல்லாமல் ஏறுகிறவர். இத்தனை புகாரை இன்று மாலைக்குள் முடித்தாகவேண்டும் என்னும் நெருக்கடியில் ஓடுகிறவர். வீட்டுக்கு வந்து பார்க்கிறார், விளக்கு பச்சையாக இருக்கிறது, வேகத்தை அளந்து காட்டுகிறார், நூறு வருகிறது. ‘லைன் நல்லாத்தான் இருக்கு சார்’ என்று சொல்லிவிட்டுப் புகாரை முடித்துவிட்டுப் போகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு பச்சையாக இருந்தால் புகார் தீர்ந்தது என்று கொள்ளும் விதிமுறைதான் அவரையும் வீட்டாரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. கோபமெல்லாம் வாசலில் நிற்கும் அவர்மேல் விழுகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளும் இந்த வகைக் குறையை எண்ணி வகுக்கப்பட்டவையல்ல. அகல இணைப்பின் தரம் பற்றி டிராய் 2006-இல் இட்ட விதிகளில், பழுது மூன்று வேலைநாட்களுக்கு மேல் நீடித்தால் ஏழு நாள் கட்டணமும், ஏழு நாட்களைத் தாண்டினால் பதினைந்து நாள் கட்டணமும், பதினைந்தையும் தாண்டினால் ஒரு மாதக் கட்டணமும் கழித்துத் தரவேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல நோக்கம்தான். எனினும் அது ஒரே பழுது இடைவிடாமல் நீடிப்பதையே கணக்கிட்டது. காலையில் பதிவாகி மாலையில் முடிக்கப்பட்டு மறுநாள் புதிய எண்ணோடு மறுபடி பதிவாகும் பழுது, ஆண்டு முழுவதும் தொடர்ந்தாலும், மூன்று நாளைத் தொட்டதே இல்லை. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கம்பிச் சேவைக்கும் கம்பியில்லாச் சேவைக்கும் பொதுவாகப் புதிய தர விதிகள் அமலுக்கு வந்திருக்கின்றன. இத்தகைய விதிகளை இனித் திருத்தும்போதாவது, ஒரே வீட்டிலிருந்து குறுகிய காலத்துக்குள் வரும் புகார்களை ஒரே புகாராகக் கருதவேண்டும் என்னும் ஒரு வாக்கியம் சேர்க்கப்படவேண்டும். அப்புகாரை ஒளியளவின் பதிவைச் சில நாள் கவனித்தபிறகே முடிக்கவேண்டும். முடிக்கும்போது அறுந்த நேரங்களையும் காரணத்தையும் எழுத்தில் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும். இதற்குச் செலவு பிடிக்கும் என்று நிறுவனங்கள் சொல்லலாம். பதிவு ஏற்கனவே இயந்திரத்தில் இருக்கையில் அதைக் காட்டுவதற்கு என்ன பெருஞ்செலவு? குறை வீட்டாருடைய வைஃபையிலோ இன்வெர்ட்டரிலோ இருக்கும்போது அதே பதிவு நிறுவனத்தைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும் செய்யுமே.

அதுவரை வாடிக்கையாளர் கையிலிருப்பது குறிப்புத்தாளும் புகார் எண்களும்தான். ஒவ்வொரு புகாருக்கும் எண் கேட்டு வாங்கவேண்டும். தீராவிடில் நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், 2012-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு வழி செய்திருக்கின்றன. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கியும் இருக்கிறது. எந்தப் படியேறினாலும், ‘அடிக்கடி போகிறது’ என்னும் முறையீட்டைவிட, தேதியும் மணியும் விளக்கின் நிறமும் மூன்று பிங்குகளின் விடையும் எழுதிய ஒரு பக்கத்துக்கு அதிக மதிப்புண்டு.

இதில் உடனே, எந்த விதிக்கும் காத்திராமல், செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. இணைப்புக் கொடுத்த அன்று வீட்டில் ஒளி எத்தனை டிபிஎம் வந்தது என்பதைப் பெட்டியின் அருகில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவைத்து, பிறகு லைன்மேன் வரும் ஒவ்வொருமுறையும் தேதியோடு புதிய அளவை அதன் கீழே குறித்துவந்தால், மைனஸ் 19 ஆக இருந்தது எந்த மழைக்குப்பின், எந்த ஒட்டுக்குப்பின் மைனஸ் 25 ஆயிற்று என்று அடுத்து வருகிறவர் கம்பத்தில் ஏறுமுன்பே அறிந்துகொள்வார். மீட்டர் அவர் கையில் இருக்கிறது, அட்டைக்கு விலை இல்லை. இணைப்பைக் கொடுக்க வருகிறவரிடம் முதல் வரியை எழுதித் தரும்படி கேட்பது வீட்டாரின் வேலை, எழுதித்தான் ஆகவேண்டும் என்று தம் ஊழியர்களுக்குச் சொல்வது நிறுவனங்களின் வேலை.